ராஜாவோட ஆளா, ஊரோட ஆளா? இங்கிலாந்து லார்ட் லெப்டினன்ட்கள் பத்தி ஒரு இழை

கரிசல்காட்டான்:

எல்லாருக்கும் வணக்கம். இங்கிலாந்து வரலாறுன்னா நாம ராஜா ராணி, பார்லிமென்ட், அப்புறம் கம்பெனிக்காரன்னு பேசிட்டு நிறுத்திக்கிறோம். நடுவுல ஒரு பதவி இருக்கு, லார்ட் லெப்டினன்ட்னு. கவுண்டின்னா நம்ம ஜில்லா மாதிரி, கவுண்டிக்கு ஒருத்தர், பெரும்பாலும் அந்த வட்டாரத்துலயே பெரிய நிலக்காரரான ஒரு பிரபு, ராஜா சார்பா அந்தக் கவுண்டிக்குப் பொறுப்பு, சம்பளம் கிடையாது. இன்னைக்கும் அந்தப் பதவி இருக்கு. ராஜா வந்தா வரவேற்கிறது, பதக்கம் குத்தி விடுறது, விழாவுக்குத் தலைமை தாங்குறதுன்னு போகுது. அதை மட்டும் பாத்துட்டு இது வெறும் அலங்காரப் பதவின்னு இன்னொரு இழையில எழுதியிருந்தாங்க, எனக்கு மனசு கேக்கல, அதான் தனியா ஆரம்பிக்கிறேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. 1500கள்ல இங்கிலாந்து ராஜாகிட்ட நிரந்தரப் படை கிடையாது. நம்ம கலெக்டர் மாதிரி ஜில்லாவுக்கு ஜில்லா சம்பள அதிகாரியும் கிடையாது. கலகம்னு ஒண்ணு வந்தா யாரு ஆள் திரட்டுறது? யாரு கூப்பிட்டா நூறு குத்தகைக்காரன் கையில கிடைச்சதை எடுத்துட்டு வருவானோ அவர்தான் திரட்டணும். எட்டாம் ஹென்றி கடைசிக் காலத்துல அங்கங்க லெப்டினன்ட்னு ஆள் போட்டாங்க. அவர் பையன் ஆறாம் எட்வர்டு காலத்துல, 1549ல, ஒரே வருஷத்துல ரெண்டு பெரிய கலகம். மேற்க டெவன், கார்ன்வால் பக்கம் புது ஜெபப் புத்தகம் வேண்டாம்னு கிளம்பினாங்க, கிழக்க நார்ஃபோக்ல ராபர்ட் கெட்ங்கறவர் தலைமையில பொது நிலத்துக்கு வேலி போடறதை எதிர்த்துக் கிளம்பினாங்க. அதுக்கு அப்புறம்தான் கவுண்டிக்கு ஒரு லெப்டினன்ட்ங்கற ஏற்பாடு கெட்டிப்பட ஆரம்பிச்சது.

அதாவது ராஜா தன் அதிகாரத்தை பிரபுவுக்குக் குடுத்தார்னு சொல்றது பாதிதான் சரி. பிரபுகிட்ட ஏற்கனவே இருந்த செல்வாக்கை ராஜா கடன் வாங்கிக்கிட்டார். இந்தக் கடன் எப்ப எப்ப முறிஞ்சுதுன்னு பாத்தாலே அந்த நாட்டு வரலாறு புரிஞ்சிரும்.

தென்காசித்தம்பி:

அண்ணா சூப்பர். ஒரு சந்தேகம், அதுக்கு முன்னாடி ஷெரிஃப் இருந்தாரே? நம்ம மெட்ராஸ்லகூட ஷெரிஃப்னு ஒரு கவுரவப் பதவி ரொம்ப நாள் இருந்துச்சே. ஷெரிஃப் இருக்கும்போது இன்னொருத்தர் எதுக்கு?

கரிசல்காட்டான்:

நல்ல கேள்வி தம்பி. ஷெரிஃப் ரொம்பப் பழைய பதவி, நார்மன்காரன் வர்றதுக்கு முன்னாடியே உண்டு. கவுண்டியில ராஜாவுக்கு வரவேண்டிய பணத்தை வசூல் பண்றது, கோர்ட் நடத்துறது, ஆளைப் பிடிக்கிறது எல்லாம் அவர்தான். இவ்வளவு கட்டிட்டு மிச்சத்தை நீ வெச்சுக்கோங்கற கணக்குல விட்டதால அடிச்சுப் பிடுங்கறதுக்கு அளவே இல்லாமப் போச்சு. 1170ல ரெண்டாம் ஹென்றி பெரிய விசாரணை போட்டு முக்கால்வாசி ஷெரிஃப்களைத் தூக்கினார். அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அதிகாரத்தைக் குறைச்சு, வருஷத்துக்கு ஒரு ஆள்னு மாத்தி, டியூடர் வம்சம், அதாவது எட்டாம் ஹென்றி, எலிசபெத் காலத்துக்கு வரும்போது அந்தப் பதவி இளைச்சுப் போச்சு. வருஷா வருஷம் மாறுற ஆளை நம்பி படை திரட்ட முடியாதுல்ல.

எல்லைப் பக்கம் கதை வேற. ஸ்காட்லாந்து எல்லையைக் காக்க வார்டன்னு போட்டாங்க, காசும் குடுத்தாங்க, அதை வெச்சு அவங்க சொந்தப் படையே வளத்தாங்க. பெர்சி குடும்பம்னு கேள்விப்பட்டிருப்பீங்க, நார்த்தம்பர்லாந்து ஏர்ல், ஏர்ல்னா ஒரு பிரபுப் பட்டம். 1399ல நாலாம் ஹென்றி ரிச்சர்டை இறக்கிட்டு ராஜாவானதே இவங்க தயவுலதான். ராஜாவான பிற்பாடு படைக்காசு பாக்கி விழுந்துச்சு. 1402ல ஹோமில்டன் ஹில் சண்டையில ஸ்காட்லாந்துப் பிரபுக்களைக் கூட்டமா பிடிச்சாங்க, அந்தக் காலத்துல கைதின்னா மீட்புப்பணம், அதை ராஜா தன்கிட்ட ஒப்படைக்கச் சொன்னார். பெர்சி வீட்டு மூத்த பையன், ஹாட்ஸ்பர்னு பேர் எடுத்தவர், முடியாதுன்னுட்டார். அடுத்த வருஷம் ஜூலையில ஷ்ரூஸ்பரியில ராஜாவையே எதிர்த்து நின்னு செத்தார். அப்பாவும் விடல, 1408ல பிராம்ஹாம் மூர்ல அவரும் போனார். எல்லையைக் காக்க நீ வெச்ச ஆள் உன் கழுத்துக்கே கத்தி வைக்க முடியும்னு அரண்மனைக்குப் புரிஞ்சது அப்பதான்.

நெல்லைச்சீமை:

இதைத்தானய்யா நாங்க பாளையக்காரர் வரலாறுல படிக்கிறோம். விஜயநகரம் நாயக்கரை அனுப்புச்சு, நாயக்கர் மதுரையில உக்காந்து பாளையம் பாளையமா பிரிச்சுக் குடுத்தார், மேல ஆட்டம் கண்டதும் கீழ இருக்கறவன் தனி ராஜாவாயிட்டான். இங்கிலாந்துக்காரன் கண்டுபிடிச்ச புதுசு ஒண்ணும் இல்ல.

கரிசல்காட்டான்:

வாங்க நெல்லை, நீங்க வருவீங்கன்னு தெரியும். பெர்சி வரைக்கும் ஒப்பிடலாம், ஒத்துக்கறேன். ஆனா லார்ட் லெப்டினன்ட் அந்த வகை இல்ல. பாளையக்காரர் கையில வரி வசூல் இருந்துச்சு, கோட்டை இருந்துச்சு, காவல் உரிமை இருந்துச்சு, அதெல்லாம் அப்பன் கிட்டருந்து மகனுக்குப் போச்சு. லார்ட் லெப்டினன்டுக்கு இந்தப் பதவியால ஒரு பென்னி வருமானம் கிடையாது, ராஜா நினைச்சா ஒரு கடுதாசியில தூக்கிரலாம். டியூடர்கள் பெர்சிக் கதையைப் பாத்துட்டு வேணும்னே இப்படி வடிவமைச்ச மாதிரிதான் எனக்குப் படுது. பிரபுவோட செல்வாக்கு வேணும், ஆனா அது பதவியோட ஒட்டிக்கக் கூடாது.

அதே பெர்சி குடும்பம் 1569லயும் கிளம்புச்சு. நார்த்தம்பர்லாந்து ஏர்லும் வெஸ்ட்மோர்லாந்து ஏர்லும் பழைய கத்தோலிக்க மதத்துக்காக எலிசபெத்தை எதிர்த்து வடக்க எழுந்தாங்க. ஒருத்தர் தலை 1572ல யார்க்ல போச்சு, இன்னொருத்தர் ஃபிளாண்டர்ஸ் பக்கம் ஓடினார். அதே 1572ல வட இங்கிலாந்தை ராணி பேர்ல நிர்வாகம் பண்ணின வடக்குக் கவுன்சிலுக்குத் தலைவரா ஹன்டிங்டன் ஏர்லைப் போட்டாங்க. சுத்தமான பியூரிட்டன், அதாவது கண்டிப்பான புராட்டஸ்டன்ட், லெஸ்டர்ஷயர்க்காரர், வடக்க சொந்தபந்தம் பெருசா கிடையாது. 1595ல சாகுற வரைக்கும் யார்க்ல உக்காந்து வேலை பாத்தார், செத்தப்ப தலைக்கு மேல கடன். ராணிக்கு உழைச்சு ஓட்டாண்டியான பிரபு. இந்த மனுஷன் பத்தி யாரும் பேசுறதில்லைங்கறது எனக்கு நெசமாவே வருத்தம்.

திருச்சி_சுமதி:

அருமையான இழை. எலிசபெத் காலத்தை இன்னும் கொஞ்சம் விரிக்கலாம்னு நினைக்கிறேன், நான் காலேஜ்ல இதை நடத்துறவ, பிள்ளைங்களுக்கு இந்த இடம்தான் பிடிக்கும்.

1585 வரைக்கும் ஆபத்து வந்தா லெப்டினன்ட் போடுறது, போனா எடுத்துடறதுன்னுதான் இருந்தது. அந்த வருஷம் ஸ்பெயினோட சண்டை ஆரம்பிச்சதும் கிட்டத்தட்ட எல்லாக் கவுண்டிக்கும் ஆள் போட்டாங்க. இதுல பலபேர் ராணியோட ஆலோசனை சபையான பிரிவி கவுன்சில்லயே உக்காந்திருந்தவங்க. முதல் மந்திரி மாதிரி இருந்த பர்லி பிரபு, லிங்கன்ஷயர், எசெக்ஸ், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் மூணுக்கும் லெப்டினன்டா இருந்தார். அவர் லண்டனை விட்டு எங்க நகர்றது? அதனால ஊர்ல நிஜமா அல்லாடினது டெபுடி லெப்டினன்ட்கள்தான், அந்தந்தப் பகுதி நிலக்காரங்க.

இவங்க வேலை என்னன்னு பாருங்க. ஒவ்வொரு பாரிஷ்லயும், அதாவது சர்ச்சை வெச்சுப் பிரிச்ச ஊர்ப்பகுதியிலயும், கான்ஸ்டபிள் பேர்ப்பட்டியல் எடுத்துட்டு வரணும், பதினாறுலேருந்து அறுபது வயசு ஆம்பளைங்க எல்லாரும் குறிச்ச நாள்ல மைதானத்துல நிக்கணும். வருமானத்துக்குத் தக்கபடி யார் எவ்வளவு ஆயுதம் வெச்சிருக்கணும்னு 1558லயே சட்டம் போட்டாச்சு, அதை டெபுடி லெப்டினன்ட் ஒவ்வொண்ணா சரிபார்ப்பார். ஈட்டி இருக்கா, மார்புக்கவசம் துருப்பிடிச்சிருக்கா, துப்பாக்கியில மருந்து போட்டா வெடிக்குதான்னு. இதுலேருந்து பொறுக்கி எடுத்த ஆளுங்களுக்கு மட்டும் தனிப் பயிற்சி, அவங்கதான் டிரெயின்ட் பேண்ட்ஸ். 1588ல ஸ்பெயினோட கப்பற்படை அர்மடா வந்தப்ப கடற்கரை நெடுக குன்றுமேல தீ மூட்டி சேதி அனுப்பினாங்களே, அந்தத் தீக்கு விறகு அடுக்கி, ராத்திரி பகலா காவல் ஆள் போட்டதும் இந்த ஏற்பாடுதான்.

செலவு? அங்கதான் சண்டை. வெளிநாட்டுச் சண்டைக்கு ஆள் அனுப்பினா அவனுக்குக் கோட்டு தைச்சுக் குடுக்கவும் துறைமுகம் வரைக்கும் வழிச்செலவுக்கும் ஊர்க்காரங்ககிட்டயே வசூல் பண்ணணும், கஜானா பிற்பாடு திருப்பித் தரும்னு பேச்சு. வந்தா வரும், வராமயும் போகும். ஒவ்வொரு தடவையும் பக்கத்துப் பண்ணைக்காரன் கதவைத் தட்டிக் காசு கேக்க வேண்டியது அந்த டெபுடி லெப்டினன்ட்தான், ராணி இல்ல. ஐம்பது வருஷம் கழிச்சு 1640ல முதலாம் சார்லஸ் ஸ்காட்லாந்துச் சண்டைக்கு இதே பணத்தைக் கேட்டப்ப ஊருக்கு ஊர் முடியாதுன்னு கையை விரிச்சாங்க, ராஜாவோட ஆட்சி அங்கேயே நொண்ட ஆரம்பிச்சிருச்சு.

தென்காசித்தம்பி:

அக்கா இது புத்தகத்துல ஒரு வரியா இருக்கும், இப்படி யாரும் சொல்லித் தரல. அப்புறம் ராஜாவுக்கும் பார்லிமென்டுக்கும் உள்நாட்டுப் போர் வந்த 1642ல என்ன ஆச்சு?

லெஸ்டர்_ரவி:

வணக்கம் எல்லாருக்கும். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இப்ப எங்கட ஊர்க்கதை எண்டபடியா எழுதாமல் இருக்கேலாமல் போட்டுது. நான் இருக்கிறது லெஸ்டரில. இங்க டவுனுக்கு நடுவில மகசீன் கேட்வே எண்டு ஒரு பழைய கல்லு வாசல் நிக்குது, சுத்திவர ரோட்டும் யூனிவர்சிட்டிக் கட்டிடங்களும், அதுக்கு நடுவில தனிய நிக்கும். நான் வேலைக்குப் போறதே அதைக் கடந்துதான். கவுண்டிப் படையின்ர ஆயுதங்கள் வச்சிருந்த இடம் எண்டபடியாத்தான் அந்தப் பேர்.

1642 மார்ச்சில பார்லிமென்ட் ராசாவின்ர கையெழுத்து இல்லாமலே ஒரு ஆணை போட்டுது, இனிக் கவுண்டிப் படைக்கு லார்ட் லெப்டினன்டை நாங்கதான் நியமிப்பம் எண்டு. லெஸ்டர்ஷயருக்கு ஸ்டாம்ஃபோர்ட் ஏர்லைப் போட்டவை. ராசா விடுவாரே? பழைய சட்டம் ஒண்டைத் தோண்டி எடுத்து, கமிஷன் ஆஃப் அரே எண்டு, படை திரட்டச் சொல்லித் தன்ர ஆக்களுக்குத் தனிக் கட்டளை அனுப்பினவர். எங்கட பக்கம் அது ஹென்றி ஹேஸ்டிங்ஸுக்கு வந்தது, ஹன்டிங்டன் ஏர்லின்ர இளைய மகன். கரிசல் அண்ணை மேல சொன்ன அந்த ஹன்டிங்டன் குடும்பம்தான்.

இதில முக்கியமான விசயம், ஸ்டாம்ஃபோர்டின்ர கிரே குடும்பத்துக்கும் ஹேஸ்டிங்ஸ் குடும்பத்துக்கும் அதுக்கு நூறு வருசத்துக்கு முந்தியே ஆகாது. இந்தக் கவுண்டியில ஆர் பெரியாள் எண்டுதான் சண்டை. ஸ்டாம்ஃபோர்ட் கவுண்டி ஆயுதங்களில ஒரு பங்கைத் தன்ர பிராட்கேட் வீட்டுக்கு ஏத்திக்கொண்டு போட்டார். ஜூன் மாசம் ஹேஸ்டிங்ஸ் ஆயுதம் தூக்கின ஆக்களோட லெஸ்டருக்குள்ள வரப் பாத்தவர், சரிவரேல்லை. ராசா நொட்டிங்ஹாமில கொடியேத்தினது ஓகஸ்டிலதான், இங்க அதுக்கு முந்தியே ரெண்டு பக்கமும் ஆயுதம் தூக்கீட்டினம். கவுண்டிக்கு ரெண்டு பிரதிநிதி எண்டு வந்தவுடன, சனம் எந்தக் கடுதாசிக்குப் பணியிறது எண்டு தெரியாமல் நிண்டது. எங்கட நாட்டில அப்பிடி ஒரு நிலைமையைக் கண்ட ஆக்களுக்கு அதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பக்கிங்ஹாம்ஷயரில பேஜட் பிரபு பார்லிமென்டின்ர லெப்டினன்டா நிண்டு படையைத் திரட்டிப்போட்டு, பிறகு மனம் மாறி ராசாவிட்டப் போனவர். பிராட்கேட் இப்ப பார்க், மான் கூட்டமா நிக்கும், வீட்டின்ர இடிஞ்ச செங்கல் சுவர் மிச்சம் இருக்குது. வாற ஆக்கள் ஜேன் கிரே பிறந்த இடம் எண்டுதான் பாக்க வருவினம். 1642ல அங்க ஆயுதம் கொண்டுபோய் வச்ச கதை ஆருக்கும் தெரியாது.

கரிசல்காட்டான்:

ரவி, இதுக்குத்தான் இழை போடுறது. நன்றி.

அப்புறம் அந்தப் போர்ல ராஜா பக்கம் தோத்து, ராஜாவே இல்லாமப் போன காலத்துல, பார்லிமென்ட் படைத் தலைவரா இருந்து ஆட்சிக்கு வந்த கிராம்வெல் 1655ல பிரபுக்களே வேண்டாம்னு மேஜர் ஜெனரல்களைப் போட்டு ஊரை ஆளப் பாத்தார். சம்பளப் பட்டாளத்து ஆளு, ஊருக்கு வேத்தாள், குதிரைப் பந்தயம் கூடாது சேவல் சண்டை கூடாதுன்னு கெடுபிடி வேற. ரெண்டு வருஷத்துக்குள்ள முடிஞ்சிருச்சு. 1660ல ராஜா திரும்பி வந்ததும் லார்ட் லெப்டினன்ட்களும் திரும்பி வந்தாங்க, கவுண்டிப் படை ராஜா கையிலதான்னு அடுத்தடுத்து சட்டம் போட்டு உறுதிப்படுத்தினாங்க.

திருச்சி_சுமதி:

1687ஐ நான் எழுதட்டுமா, யாரும் முந்திக்காதீங்க.

ரெண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கர். கத்தோலிக்கங்களும், அரசாங்கச் சபையில சேராத புராட்டஸ்டன்ட்களான தனிச்சபைக்காரங்களும் அரசாங்கப் பதவிக்கு வர விடாம டெஸ்ட் ஆக்ட்னு சட்டம் இருந்தது, அதை நீக்கணும்னு பிடிவாதமா இருந்தார். அதுக்கு அவருக்கு ஆமாம் போடுற பார்லிமென்ட் வேணும். எப்படிப் பிடிக்கிறது? லார்ட் லெப்டினன்ட்களைக் கூப்பிட்டு, உங்க கவுண்டியில டெபுடி லெப்டினன்ட், மாஜிஸ்திரேட் எல்லாரையும் வரச்சொல்லி மூணு கேள்வி கேளுங்கன்னார். நீ பார்லிமென்டுக்குப் போனா அந்தச் சட்டங்களை நீக்க ஓட்டுப் போடுவியா? போடுற ஆளை ஜெயிக்க வைக்க உதவுவியா? வேற மதத்துக்காரங்களோட அண்டை அயலாரா சமாதானமா வாழ்வியா?

மூணாவதுக்கு எல்லாரும் ஆகட்டும்னுட்டாங்க. முதல் ரெண்டுக்கு வந்த பதில்கள்ல பாதி ஒரே அச்சு. சபையில விவாதத்தைக் கேக்காம நான் எப்படி இப்பவே வாக்குக் குடுக்க முடியும்னு ரொம்ப மரியாதையா எழுதிக் குடுத்திருக்காங்க. பேசி வெச்சுக்கிட்டு எழுதினதுன்னு படிச்சாலே தெரியும். முடியாதுன்னு நேரடியா சொல்லாம ராஜாவுக்கு முடியாதுன்னு சொன்ன விதம் அது, எனக்கு அந்தக் காகிதங்கள் மேல ஒரு தனி மதிப்பு.

இதுக்கும் மேல, அந்தக் கேள்வியைக் கேக்கவே மாட்டேன்னு நின்ன லார்ட் லெப்டினன்ட்கள் இருக்காங்க. எசெக்ஸ்ல ஆக்ஸ்ஃபோர்டு ஏர்ல், ஆப்ரி டி வேர், ராஜாவுக்காக உயிரைக் குடுத்துச் சண்டை போடத் தயார் ஆனா இது மனச்சாட்சி விஷயம்னு மறுத்தார், லெப்டினன்ட் பதவியும் போச்சு, அவர்கிட்ட இருந்த ரெஜிமென்டும் போச்சு. ஸ்டாஃபோர்ட்ஷயர்ல ஷ்ரூஸ்பரி ஏர்ல், சசெக்ஸ்ல டார்செட் ஏர்ல்னு தலை உருண்டுகிட்டே போச்சு. அவங்க இடத்துக்குக் கத்தோலிக்கங்களையும் ஊர்ல ஒட்டாத ஆளுங்களையும் போட்டாங்க. 1685ல ஜேம்ஸை எதிர்த்து நடந்த கலகத்துக்கு அப்புறம் நூத்துக்கணக்கான பேருக்குத் தூக்குத் தண்டனை எழுதினாரே ஜட்ஜ் ஜெஃப்ரிஸ், அவர் ஷ்ராப்ஷயருக்கும் பக்கிங்ஹாம்ஷயருக்கும் லார்ட் லெப்டினன்ட்.

1688 நவம்பர் 5ல ஜேம்ஸோட மருமகன், டச்சுக்கார ஆரஞ்சு வில்லியம் படையோட டார்பேயில இறங்கினப்ப இந்தப் புது ஆளுங்க கூப்பிட்டு யாரும் வரல. நவம்பர் 22ல வில்லியம் பக்கம் நின்ன டான்பி ஏர்ல் யார்க்கையே பிடிச்சிட்டார். பதவி நீக்கப்பட்ட ஷ்ரூஸ்பரி, வில்லியம் கூடவே கப்பல்ல வந்து இறங்கினவர். ஜேம்ஸ்கிட்ட அப்ப பெரிய சம்பளப் பட்டாளம் இருந்தது, அதனால கவுண்டிப் படை மட்டும்தான் காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா ஊருக்கு ஊர் அவருக்காகப் பேச ஒரு ஆள் இல்லாமப் பண்ணிக்கிட்டது அவரேதான்.

நெல்லைச்சீமை:

பிரபுக்களோட மனச்சாட்சி எல்லாம் சரி தாயி. சாதாரண சனங்க கதி என்ன? அதையும் எழுதுங்க.

கரிசல்காட்டான்:

கேக்க வேண்டிய கேள்விதான். 1757ல கவுண்டிப் படையைப் புதுப்பிக்கச் சட்டம் வந்துச்சு. லார்ட் லெப்டினன்ட் தலைமையில பாரிஷ் பாரிஷா பேர் எழுதி சீட்டுக் குலுக்கணும், பேர் விழுந்தா மூணு வருஷம் படையில இருக்கணும். இல்லன்னா 10 பவுண்டு கட்டணும், அல்லது பதில் ஆள் குடுக்கணும். பண்ணைக் கூலிக்கு 10 பவுண்டுன்னா பல மாசச் சம்பளம். காசு இருக்கறவன் தப்பிச்சான், இல்லாதவன் மாட்டுனான். வெளிநாட்டுக்குக் கப்பல் ஏத்திருவாங்கன்னு பேச்சு பரவி, லிங்கன்ஷயர், யார்க்ஷயர் பக்கமெல்லாம் சனங்க திரண்டு கான்ஸ்டபிள் கையில இருந்த பட்டியலையே பிடுங்கினாங்க. பேர் எழுதின காகிதம் இல்லன்னா சீட்டுக் குலுக்க முடியாதுல்ல.

மோசமானது 1761 மார்ச் 9, ஹெக்ஸம்ங்கற ஊர்ல. சீட்டுக் குலுக்கலை எதிர்த்து சந்தை மைதானத்துல கூடினவங்க மேல யார்க்ஷயர்லேருந்து வந்த கவுண்டிப் படை சுட்டுச்சு. சுமார் 50 பேர் செத்தாங்க. சுட்டவங்களும் அதே மாதிரி குலுக்கல்ல வந்த பசங்க. பிரபுக்கள் ராஜாவைக் கட்டுப்படுத்தினாங்கன்னு நாம பாராட்டுறப்ப இதையும் பக்கத்துல வெச்சுத்தான் பாக்கணும், நெல்லை சொல்றது நியாயம்.

லெஸ்டர்_ரவி:

அண்ணை, யார்க்ஷயர் எண்டபடியா கேக்கிறன், ஃபிட்ஸ்வில்லியம் ஏர்லின்ர கதை தெரியும்தானே? அதை நீங்கள் எழுதினா வடிவா இருக்கும்.

கரிசல்காட்டான்:

அதை எழுதாம விடுவேனா. 1798 ஜனவரி, பிரான்ஸ்ல புரட்சி நடந்து ராஜா தலையே போன நேரம். லண்டன்ல ஒரு விருந்து, எதிர்க்கட்சித் தலைவர் ஃபாக்ஸோட பிறந்தநாள். அங்க நார்ஃபோக் டியூக் எழுந்து, நம்ம பேரரசர், அதாவது மக்களின் மாட்சிமைன்னு சொல்லி கோப்பையைத் தூக்கினார். அவர் யார்க்ஷயரோட மேற்குப் பகுதியான வெஸ்ட் ரைடிங்குக்கு லார்ட் லெப்டினன்ட். மூணாம் ஜார்ஜுக்கு சேதி போச்சு, பதவியும் போச்சு, கவுண்டிப் படையில இருந்த கர்னல் பொறுப்பும் போச்சு.

அவர் இடத்துக்குப் போட்டது ஃபிட்ஸ்வில்லியம் ஏர்லை. இவர் மூணு வருஷம் முன்னாடி அயர்லாந்துக்கே லார்ட் லெப்டினன்டா போனவர். தம்பிமாருக்கு ஒரு வார்த்தை, அயர்லாந்து லார்ட் லெப்டினன்ட்ங்கறது வைசிராய், மொத்த நாட்டுக்கும் ஆளுநர், நாம பேசுற கவுண்டிப் பதவி வேற. அங்க போய்க் கத்தோலிக்கங்களுக்கு உரிமை குடுக்கணும்னு வேகமா இறங்கினதால மூணு மாசம்கூட ஆகாம 1795லயே திருப்பிக் கூப்பிட்டுட்டாங்க. மூணு வருஷத்துல அயர்லாந்துல பெரிய கலகம் வெடிச்சுது.

சரி, வெஸ்ட் ரைடிங்ல இருபத்தோரு வருஷம் ஓடுச்சு. 1819 ஆகஸ்ட் 16, மான்செஸ்டர்ல பீட்டர்லூ. ஓட்டுரிமை கேட்டுக் குடும்பத்தோட வந்து நின்ன கூட்டத்துக்குள்ள குதிரைப்படை வாளோட புகுந்துச்சு, பத்துப் பேருக்கு மேல சாவு, நூத்துக்கணக்குல காயம். அரசாங்கம் மாஜிஸ்திரேட்களுக்கு நன்றி சொல்லிக் கடுதாசி அனுப்புச்சு. ஃபிட்ஸ்வில்லியம் ஒண்ணும் புரட்சிக்காரர் இல்ல, எக்கச்சக்க சொத்து, எழுபதைத் தாண்டின வயசு. ஆனா இதுக்கு விசாரணை வேணும்னு யார்க்ல கவுண்டிக் கூட்டத்துக்குப் போய் நின்னார். அக்டோபர்ல அவரையும் தூக்கினாங்க. ஹேர்வுட் குடும்பத்து லாசெல்ஸைப் போட்டாங்க, வெஸ்ட் இண்டீஸ் கரும்புத் தோட்டத்துல அடிமைகளை வெச்சுச் சம்பாதிச்ச குடும்பம்.

வாய்ச்சொல்லுக்காக ஒருத்தரை எடுத்துட்டுப் போட்ட ஆளையே இன்னொரு வாய்ச்சொல்லுக்காக எடுத்தாங்க பாருங்க. அலங்காரப் பதவியில இருக்கறவர் என்ன பேசினா அரண்மனைக்கு என்ன? அங்க நிக்கிற ஆள் ராஜா பேர்ல பேசுறார்னு ஊரும் நம்புச்சு, ராஜாவும் நம்பினார்.

தென்காசித்தம்பி:

அப்ப எப்பத்தான் அதிகாரம் போச்சு அண்ணா? இன்னைக்கு ஒண்ணும் இல்லையே.

திருச்சி_சுமதி:

நான் சுருக்கமா சொல்றேன் தம்பி. மாஜிஸ்திரேட் பதவிக்கு யாரைப் போடலாம்னு பேர் அனுப்புறது லார்ட் லெப்டினன்ட்தான், அது படை அளவுக்குப் பெரிய அதிகாரம். 1839ல நாட்டிங்ஹாம்ஷயர்ல நியூகாஸில் டியூக், தனிச்சபைக்காரர் ஒருத்தரை மாஜிஸ்திரேட்டா போட்டதுக்கு எகிறி, கடுமையா கடிதம் எழுதி, பதவியையே இழந்தார். இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல மாஜிஸ்திரேட் பெஞ்ச் பூரா கன்சர்வேடிவ் ஆளுங்கதான்னு லிபரல்கள் போர்க்கொடி தூக்க, 1910 ராயல் கமிஷனுக்கு அப்புறம் ஆலோசனைக் குழு வந்துச்சு. அதுக்கு முன்னாடியே 1871ல போர் அமைச்சர் கார்டுவெல் கவுண்டிப் படையை நேரா போர் அமைச்சர் கைக்கே மாத்திட்டார். 1888ல தேர்தல் வெச்சு கவுண்டி கவுன்சில். 1921ல ஆம்பளைங்களை ஆயுதத்தோட கூப்பிடற அதிகாரமும் போச்சு. சம்பளப் பட்டாளம், போலீஸ், தேர்ந்தெடுத்த கவுன்சில்னு எல்லாம் வந்தப்புறம் பிரபுகிட்டக் கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லாமப் போச்சு.

1975ல வெஸ்ட் சசெக்ஸ்ல நார்ஃபோக் டச்சஸ் லவீனியாதான் முதல் பெண் லார்ட் லெப்டினன்ட். இப்ப 75 வயசுல ஓய்வு.

லெஸ்டர்_ரவி:

இப்ப கனபேர் பிரபு வம்சமே இல்லை. வியாபாரம் செய்தவை, டொக்டர்மார், சமூக வேலை செய்தவை எண்டு போடினம்.

நெல்லைச்சீமை:

கடைசியா ஒண்ணு கேக்கேன். இந்தப் பிரபுக்கள்ல எவனாவது நம்ம பக்கம் வந்து ஆண்டிருக்கானா? இருந்தா அவன் கதையைச் சொல்லுங்க.

கரிசல்காட்டான்:

இருக்கு நெல்லை, உங்க ஊருக்கே நேரா வர்ற கதை. ஆற்காடு முற்றுகைப் புகழ் ராபர்ட் கிளைவ், இங்கருந்து அள்ளிட்டுப் போன பணத்துல நிலம் வாங்கி, 1772ல ஷ்ராப்ஷயர் லார்ட் லெப்டினன்ட் ஆனார். 1774ல அவர் செத்ததும் அடுத்த வருஷமே அவர் மகன் எட்வர்டு கிளைவ் அதே பதவிக்கு வந்தார். அந்த எட்வர்டு கிளைவ்தான் 1798லேருந்து 1803 வரைக்கும் மெட்ராஸ் கவர்னர். மவுண்ட் ரோட்டுல நிக்குதே ராஜாஜி ஹால், அது அவர் கட்ட வெச்சதுதான்.

அவர் கவர்னரா உக்காந்திருந்தப்பத்தான் 1799 அக்டோபர் 16ல கயத்தாத்துல கட்டபொம்மனைத் தூக்குல போட்டாங்க. 1801 அக்டோபர் 24ல திருப்பத்தூர்ல மருது சகோதரர்களை. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மண்ணோட மண்ணாக்கினாங்க. அதே வருஷம் டிசம்பர்ல கிளைவ் பேர்ல அறிவிப்பு, பாளையங்கள்ல யாரும் ஆயுதம் வெச்சுக்கக் கூடாது, இனி ஜமீன் முறைன்னு.

இங்க யோசிச்சுப் பாருங்க. தன் ஊர்ல இவர் யாரு? நிலம் இருக்கு, சனங்க மதிப்பாங்கங்கற ஒரே காரணத்துக்காக ஊர் ஆம்பளைங்களை ஆயுதத்தோட திரட்டுற உரிமையை ராஜாகிட்ட வாங்கினவர். நம்ம ஊர்ல நிலமும் சனமும் ஆயுதமும் வெச்சிருந்தவங்களை அதுக்காகவே ஒழிச்சவரும் அவர்தான். ஷ்ராப்ஷயர்ல எது ஒழுங்கோ அது திருநெல்வேலியில ராஜத்துரோகம். இதை எந்த வரலாற்றுப் புத்தகமும் ஒரே பக்கத்துல வெச்சுக் காட்டலைங்கறது எனக்குப் பெரிய குறை.

நெல்லைச்சீமை:

இது எனக்குத் தெரியாத சேதி. பிறகு அவன் என்ன ஆனான்?

கரிசல்காட்டான்:

1804ல போவிஸ் ஏர்ல் பட்டம் குடுத்தாங்க. திரும்பவும் ஷ்ராப்ஷயர் லார்ட் லெப்டினன்ட், கூட வேல்ஸ்ல மான்ட்கோமரிஷயரும். 1839ல செத்தார். போவிஸ் கோட்டையில திப்பு சுல்தானோட கூடாரம் இன்னைக்கும் இருக்கு.

திருச்சி_சுமதி:

அந்தப் போவிஸ் பட்டமே அவர் மனைவி ஹென்ரியட்டாவோட பிறந்த வீட்டு வழியா வந்தது. அந்த அம்மா 1800ல ரெண்டு பெண் பிள்ளைங்களையும் கூட்டிட்டு மெட்ராஸ்லேருந்து கிளம்பி மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர்னு மாசக்கணக்குல சுத்திட்டு வந்தவங்க. எங்க ஊர் வழியா போனவங்களாச்சே, அந்தப் பயணத்தைப் பத்தி நான் தனி இழை போடுறேன். நெல்லை ஐயா, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விவரங்களை நீங்க அங்க வந்து எழுதணும்.

நெல்லைச்சீமை:

எழுதுறேன் தாயி. இழையைத் திறந்ததும் லிங்க் குடுங்க.